போத்தனூரில் பிறந்த தாய், போர்க்கால ரகசியம் காத்த மாளிகை: ஆலன் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் என்ன செய்தார்?

கரமனையில் வீடு, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. திருவனந்தபுரத்துத் தமிழ் இளைஞர்கள் பலருக்கு இதுதான் தினசரி. கோவைப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் பாலக்காடு தாண்டியதும் போத்தனூர் வரும். உங்களில் பலர் அந்த ஸ்டேஷனைத் தூக்கத்திலேயே கடந்திருப்பீர்கள். கணினி அறிவியலின் தந்தை என்று உங்கள் பாடப்புத்தகம் சொன்ன ஆலன் டூரிங்கின் அம்மா பிறந்தது அந்தப் போத்தனூரில்தான்.

டூரிங் என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, டூரிங் டெஸ்ட். இன்னொன்று, 2014-ல் வந்த 'தி இமிடேஷன் கேம்' படம். ஆனால் அவர் வாழ்க்கையின் முக்கியமான ஆண்டுகள் கழிந்தது ஒரு பணக்காரரின் பழைய பண்ணை மாளிகையில். அந்த இடம் எப்படிப் போர் ரகசியங்களின் மையமானது, அங்கே உண்மையில் என்ன வேலை நடந்தது, அந்த வேலையைச் செய்தவரை அவரது நாடே கடைசியில் எப்படி நடத்தியது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெட்ராஸ் மாகாணத்துக் குடும்பம்

டூரிங்கின் தாய்வழித் தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அயர்லாந்து வம்சாவளி. சத்தம் போடாமல் இழுக்கும் பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குக் காப்புரிமையும் வாங்கியவர். அவர் மகள் எத்தல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார்.

தந்தை ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. தேர்வுக்காகத் தமிழ் படித்தவர். மெட்ராஸ் மாகாணத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றினார். ஆலனின் அண்ணன் ஜான், 1908-ல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்போது தந்தையின் வேலை, இன்று ஒடிசாவில் இருக்கும் சத்ரபூரில். அதுவும் அன்றைக்கு மெட்ராஸ் மாகாணம்தான்.

ஆலன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் இங்கே, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில். காலனி அதிகாரிகளின் குடும்பங்களில் இது சகஜம். சாராவையே சின்ன வயதில் அப்படித்தான் அயர்லாந்துக்கு அனுப்பி வளர்த்தார்கள்.

ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய முதல் நாள், 1926-ல், நாடு முழுக்க வேலைநிறுத்தம். ரயில் இல்லை. 13 வயதுப் பையன் சவுதாம்ப்டனிலிருந்து கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மார்காம் 1930-ல் காசநோயால் இறந்தார். அந்த இழப்பு டூரிங்கை வெகுநாள் விடவில்லை.

பிறகு கேம்பிரிட்ஜ். 1936-ல், எந்தக் கணக்கை இயந்திரத்தால் செய்ய முடியும், எதை முடியாது என்பதை விளக்கும் கட்டுரையை எழுதினார். ஒரே இயந்திரம், அதற்குக் கொடுக்கும் கட்டளைகளை மாற்றினால் வேறு வேறு வேலை செய்யும். இன்று உங்கள் லேப்டாப் செய்வது இதைத்தான். அன்று அது வெறும் காகிதக் கற்பனை.

பண்ணை மாளிகை எப்படி ராணுவத்தின் கைக்குப் போனது?

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது பிளெட்ச்லி பார்க். 1883-ல் ஹெர்பர்ட் லியோன் என்ற நிதி வணிகர் அந்த இடத்தை வாங்கினார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். தான் பார்த்து ரசித்த கட்டடப் பாணிகளையெல்லாம் ஒரே வீட்டில் சேர்த்துக் கட்டினார். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் செம்மண் செங்கல், நடுவில் குவிமாடம். முன்னால் ஏரி, பின்னால் குதிரை லாயம். அழகு என்று சொன்னவர்களைவிடக் கேலி செய்தவர்கள்தான் அதிகம்.

லியோன் 1926-ல் இறந்தார். அவர் மனைவி 1937-ல் இறந்ததும் சொத்து விற்பனைக்கு வந்தது. ஒரு கட்டுமான நிறுவனக்காரர் அதை வாங்கி, மாளிகையை இடித்துவிட்டு மனை போட்டு வீடுகள் கட்டத் திட்டமிட்டார். நம்ம ஊரில் பழைய தறவாட்டு வீடுகளுக்கு நடப்பதேதான்.

அதற்குள் 1938-ல் குறுக்கே வந்தார் அட்மிரல் ஹியூ சின்க்ளேர். பிரிட்டனின் ரகசிய உளவுத்துறைத் தலைவர். போர் வந்தால் லண்டன்மீது குண்டு விழும், மறைமொழி உடைக்கும் குழுவை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாளிகையையும் 58 ஏக்கர் நிலத்தையும் 6,000 பவுண்டுக்கு வாங்கினார். அரசு பணம் தராததால் தன் சொந்தப் பணத்தைப் போட்டார் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஏன் அந்த இடம்? லண்டனிலிருந்து வடக்கே போகும் முக்கிய ரயில் பாதையும், ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைக்கும் பாதையும் பிளெட்ச்லியில் சந்தித்தன. கணித மூளைகள் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் நேராக வந்து இறங்கலாம். பக்கத்திலேயே தொலைபேசி, தந்தி இணைப்புகளுக்கான பெரிய நிலையமும் இருந்தது. இன்று ஒரு டேட்டா சென்டருக்கு இடம் பார்ப்பவர்களும் இதையேதான் பார்ப்பார்கள்: போக்குவரத்து, கேபிள், பாதுகாப்பு.

திருவனந்தபுரத்துக்காரருக்கு இது புதிதல்ல. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது என்பதற்காகத் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த புனித மேரி மக்தலேனா தேவாலயத்தையே அலுவலகமாக்கி, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விட்ட ஊர் இது. கட்டடம் எதற்குக் கட்டப்பட்டது என்பது வேறு, அது வரலாற்றில் எதற்குப் பயன்பட்டது என்பது வேறு.

1938 செப்டம்பரில் ஒத்திகை நடந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டால், கேப்டன் ரிட்லி என்பவரின் நண்பர்கள் வேட்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று பதில். ஓராண்டு கழித்து, 1939 ஆகஸ்ட்டில், நிஜமாகவே குடியேறினார்கள். டூரிங் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தது செப்டம்பர் 4. பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்ததற்கு மறுநாள்.

பிளெட்ச்லி மட்டுமல்ல. போர்க்காலச் சட்டங்களின் கீழ் பிரிட்டன் முழுக்கப் பிரபுக்களின் மாளிகைகளை அரசு எடுத்துக்கொண்டது. சில மருத்துவமனை ஆயின, சில படைவீரர் முகாம், சில பள்ளிக்கூடம். போர் முடிந்து திரும்பக் கிடைத்தபோது பல மாளிகைகள் பழுதாகிக் கிடந்தன. பராமரிக்க வழியில்லாமல் பிறகு இடிக்கப்பட்டவையும் நிறைய.

குதிரை லாயத்தில் தொடங்கிய வேலை

டூரிங் முதலில் உட்கார்ந்தது மாளிகைக்குள் அல்ல. லாயத்து முற்றத்தை ஒட்டிய சின்ன வீட்டில். சீக்கிரமே புல்வெளியில் மரக் கொட்டகைகள் முளைத்தன. ஹட் 6 தரைப்படை, விமானப்படைச் செய்திகளுக்கு. ஹட் 8 கடற்படைக்கு. டூரிங் ஹட் 8-ன் தலைவர்.

எதிரில் இருந்த பிரச்சினை, எனிக்மா. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும் ஜெர்மன் இயந்திரம். ஒரு எழுத்தை அழுத்தினால் வேறொரு எழுத்தின் விளக்கு எரியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே சக்கரம் ஒரு படி சுழலும். அதனால் அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் வேறு எழுத்து வரும். சக்கரங்கள், முன்பலகையில் செருகும் ஒயர்கள் எல்லாம் சேர்த்தால், சாத்தியமான அமைப்புகள் ஏறக்குறைய 159-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள். அதுவும் நள்ளிரவானால் அமைப்பு மாறிவிடும். இன்று பாதி கண்டுபிடித்தது நாளைக்கு உதவாது.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் ஆங்கிலேயர் இல்லை. போலந்தின் மரியான் ரெஜெவ்ஸ்கி 1932 இறுதியிலேயே அதன் உள் அமைப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார். அவரும் ஜெர்சி ருஜிட்ஸ்கியும் ஹென்ரிக் ஜிகால்ஸ்கியும் ஏழு ஆண்டுகள் ஜெர்மன் செய்திகளைப் படித்தார்கள். போருக்கு ஒரு மாதம் முன், 1939 ஜூலையில், வார்சா அருகே தங்கள் அறிவை அப்படியே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். டூரிங் அந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டினார்.

சரி, அவர் என்ன செய்தார்? ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஜெர்மானியர் காலையில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்ற சொல் எங்கோ இருக்கும். அந்தச் சொல்லைச் செய்தியின் அடியில் வைத்துப் பாருங்க. எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு: எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. எங்காவது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் தப்பு, அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். பொருந்துகிற இடம் கிடைத்ததும், அந்த ஊகத்தோடு முரண்படும் சக்கர நிலைகளை எல்லாம் ஓர் இயந்திரம் வேகமாகக் கழித்துக்கட்டும். மிச்சமிருக்கும் சிலவற்றை மனிதர்கள் சோதிப்பார்கள்.

அந்த இயந்திரம்தான் போம்ப். சரியான விடையைத் தேடாமல் தப்பான விடைகளை ஒதுக்குவதே அதன் யுக்தி. முதல் போம்ப் 1940 மார்ச்சில் வந்தது. சக கணித அறிஞர் கார்டன் வெல்ச்மன் சொன்ன ஒரு மாற்றத்தால் அடுத்தது இன்னும் பல மடங்கு திறமையாக வேலை செய்தது. போர் முடியும்போது 200-க்கும் மேற்பட்ட போம்ப்கள் ஓடின. அவற்றில் சில கேஹர்ஸ்ட் மேனர் போன்ற பக்கத்து மாளிகைகளில் இருந்தன. படத்தில் வருவதுபோல டூரிங் அதற்குக் கிறிஸ்டோபர் என்று பெயர் வைக்கவில்லை. முதல் இயந்திரத்தின் பெயர் விக்டரி.

தனி ஹீரோ கதையா இது?

இல்லை. 1945 தொடக்கத்தில் பிளெட்ச்லியிலும் அதன் கிளைகளிலும் சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள். மூன்று ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு எப்படிப் போகும் என்று. கடற்படைப் பெண்கள் போம்ப்களை இயக்கினார்கள். அவர்களில் பலருக்குத் தங்குமிடம் வோபர்ன் அபி என்ற பிரபு மாளிகை. தாங்கள் இயக்கும் இயந்திரம் எதற்கு என்பதே அவர்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது.

ஹட் 8-ல் டூரிங்குடன் வேலை செய்த ஜோன் கிளார்க், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஆரம்பச் சம்பளம் வாரம் 2 பவுண்டு. பெண்களுக்கு அந்த வேலையில் பதவி உயர்வுக்கு வழியே இல்லாததால், சம்பளத்தை உயர்த்த அவரை மொழியியலாளர் என்று கணக்கில் காட்டினார்கள். அவருக்கு வேற்று மொழி எதுவும் தெரியாது! 1941-ல் டூரிங் அவரை மணக்கக் கேட்டார். தான் ஆண்களை விரும்புபவன் என்பதையும் அவரிடம் சொன்னார். சில மாதங்களில் டூரிங்கே நிச்சயத்தை முறித்துக்கொண்டார். நட்பு கடைசிவரை இருந்தது.

டூரிங்கின் பழக்கங்கள் வளாகத்தில் பிரபலம். மகரந்த ஒவ்வாமைக்காக வாயுத் தடுப்பு முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துவிடாதபடி ரேடியேட்டரில் சங்கிலி போட்டுப் பூட்டுவார். ஜெர்மனி படையெடுத்தால் சேமிப்பு போய்விடும் என்று பயந்து வெள்ளிக் கட்டிகள் வாங்கிப் பூமியில் புதைத்தார். போருக்குப் பிறகு எங்கே புதைத்தோம் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு இருந்தும் அங்கே யாரும் அவரை மாறச் சொல்லவில்லை. வேலை நடந்தது, அவ்வளவுதான்.

அலுவலக அரசியலும் இருந்தது. ஆளும் இயந்திரமும் பற்றவில்லை, மேலதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1941 அக்டோபர் 21-ல் டூரிங், வெல்ச்மன், ஹியூ அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பேரி நால்வரும் எல்லாப் படிநிலைகளையும் தாண்டிப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். மில்னர்-பேரி அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்டதையெல்லாம் உடனே கொடுங்கள் என்று சர்ச்சில் உத்தரவிட்டார்.

அட்லாண்டிக் கடலில் என்ன நடந்தது?

பிரிட்டன் ஒரு தீவு. உணவும் எண்ணெயும் கப்பலில் வரவேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை வேட்டையாடின. கடற்படை எனிக்மா மற்றதைவிடக் கடினம், அதை உடைக்கவே முடியாது என்று பலர் நினைத்தார்கள். வேறு யாரும் அதில் கை வைக்காததாலேயே டூரிங் அதை எடுத்துக்கொண்டார். ஜெர்மன் கப்பல்களிலிருந்து கைப்பற்றிய குறியீட்டுப் புத்தகங்களின் உதவியோடு 1941-ல் ஹட் 8 செய்திகளைப் படிக்கத் தொடங்கியது. நீர்மூழ்கிகள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்தால் கப்பல்களை வேறு வழியில் திருப்பலாம்.

1942 பிப்ரவரியில் ஜெர்மனி நீர்மூழ்கிகளின் இயந்திரத்தில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. பத்து மாதம் இருட்டு. அக்டோபர் 30-ல் மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கிக்குள் இறங்கி, ஆவணங்களை எடுத்துக் கொடுத்த டோனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் அதிலேயே மூழ்கி இறந்தார்கள். அந்தக் காகிதங்களால்தான் டிசம்பரில் மறுபடி கதவு திறந்தது. கணிதம் மட்டும் போரை ஜெயிக்கவில்லை.

இந்த வேலையின் ஒரு முனை நம்ம பக்கமும் இருந்தது. ஜப்பானியச் செய்திகளுக்காக டெல்லி ஆனந்த் பர்பத்திலும் கொழும்பிலும் பிளெட்ச்லியோடு இணைந்த நிலையங்கள் இயங்கின. டெல்லி நிலையம் இருந்ததும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு கல்லூரி வளாகத்தில்தான்.

பிளெட்ச்லியின் வேலை போரை இரண்டு ஆண்டுகளாவது குறைத்தது என்று அங்கே பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஹாரி ஹின்ஸ்லி பின்னர் கணித்தார். அது ஒரு கணிப்பு, அளந்து சொன்ன எண் இல்லை. ஆனால் அந்த வேலை முக்கியமானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ரகசியத்தின் விலை

போருக்குப் பிறகு அரசு டூரிங்குக்கு ஓ.பி.இ. பட்டம் கொடுத்தது. எதற்கு என்று வெளியே சொல்லவில்லை. அவர் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கணினியை வடிவமைத்தார், பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். இயந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை எழுப்பிய கட்டுரை 1950-ல் வந்தது. நீங்கள் இன்று பயன்படுத்தும் சாட்பாட்கள் பற்றிய விவாதம் தொடங்குவதே அங்கிருந்துதான்.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு. போலீசுக்குப் போனவர் அவர்தான். விசாரணையில் ஓர் ஆணுடன் தனக்கிருந்த உறவை மறைக்காமல் சொன்னார். திருட்டு வழக்கு அவர்மீதான வழக்காக மாறியது. 1885-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்று தீர்ப்பு. சிறையா, ஓராண்டு ஹார்மோன் சிகிச்சையா? அவர் சிகிச்சையை ஏற்றார். பழைய சகா ஹியூ அலெக்சாண்டர் நீதிமன்றத்தில் அவருக்காக நற்சாட்சி சொன்னார். ஆனால் டூரிங் போரில் என்ன செய்தார் என்ற விவரத்தைச் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. யாரைத் தண்டிக்கிறோம் என்று தெரியாமலே நாடு அவரைத் தண்டித்தது. அரசின் ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது.

1954 ஜூன் 7-ல், 42 வயது முடிவதற்குச் சில நாட்கள் முன், சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. வேதியியல் சோதனையின்போது நேர்ந்த விபத்து என்றே தாய் சாரா நம்பினார். பக்கத்தில் கிடந்த பாதி ஆப்பிளை யாரும் சோதிக்கவில்லை.

அதே தாய் 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லியில் மகன் செய்தது என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. 1974-ல் ஒரு முன்னாள் அதிகாரியின் புத்தகத்தால்தான் ரகசியம் வெளியே வந்தது. சாரா 1976-ல் இறந்தார்.

இது ஏன் இன்றும் நம் விஷயம்?

பிளெட்ச்லி மாளிகையும் 1991-ல் மறுபடி இடிபடும் நிலைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அது அருங்காட்சியகம். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் பிளெட்ச்லி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். 2023 நவம்பரில் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மாநாடு அங்கேதான் நடந்தது. இந்தியாவும் அதன் பிரகடனத்தில் கையெழுத்திட்டது.

டூரிங்கிடம் பிரிட்டிஷ் அரசு 2009-ல் மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. ஒரு மேதைக்கு மட்டும் மன்னிப்பு போதுமா, அதே சட்டத்தில் தண்டனை பெற்ற மற்ற ஆயிரக்கணக்கானோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்து, இறந்துபோன மற்றவர்களுக்கும் 2017-ல் அது விரிவானது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது.

அவரைத் தண்டித்த சட்டத்தின் உறவுக்காரச் சட்டம் ஒன்றை இதே ஆங்கிலேயர் 1860-ல் நமக்கும் எழுதிக் கொடுத்தார்கள்: இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 377. ஒப்புதலோடு வாழும் வயதுவந்தோரை அதன் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6-ல். இங்கிலாந்து தன் சட்டத்தைத் தளர்த்தி 51 ஆண்டுகள் கழித்து.

சட்டம் மாறிவிட்டது. உங்கள் அலுவலகத்தில், பக்கத்து சீட்டில் இருப்பவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பது மட்டும் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை. அதை அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.